தகரக் கூரையின் கீழ் ஒரு பாட்டு

ஆஸ்திரேலியாவில் செமஃபோர் கடற்கரைப் பக்கம் வந்து லெஸ் டிரெவின் வீடு எது என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். பொம்பளைக் குரல் பைத்தியம் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

தப்பாக நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடச் சோதனைச்சாலையில் கண்ணாடிக் குடுவை கழுவி அடுக்கியே ஓய்வு பெற்ற மனிதர் அவர். வில்மாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இன்னொரு பெண்ணை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் பாடுகிற பெண்கள், அதிலும் நன்றாகப் பதிவான பெண்கள். ஜாஸ், நாட்டுப்பாடல், ப்ளூஸ், எதுவானாலும் சரி. கண்ணை மூடினால் பாடுகிறவள் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். வரியைத் தொடங்குமுன் அவள் இழுக்கிற மூச்சு காதில் விழ வேண்டும். பல்லிடுக்கில் பிறக்கிற ஓசைகள் பாம்பு மாதிரி சீறக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் ரெக்கார்டின் உறையில் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டுவார். இல்லாவிட்டால், பாடியவள் தேவதையாகவே இருந்தாலும், அது கார் ஷெட்டுக்குப் போய்விடும்.

அந்த ஷெட்டில்தான் பழங்காலத்து ப்ளூஸ் பாட்டுக்காரிகள் எல்லோரும் தூசி படிந்து கிடந்தார்கள். பதிவுக் கருவிகள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் பாடியது அவர்கள் செய்த குற்றம்.

லெஸ்ஸைப் போலவே கிறுக்குப் பிடித்த இன்னும் சிலர் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் பக்கத்து ஊர் லார்க்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில் கூடுவார்கள். ஆளுக்கு ஒரே ஒரு ரெக்கார்டு. பாட்டு முடிந்தால் யாரும் கை தட்டக் கூடாது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, ஒவ்வொருவராகப் பதிவில் என்ன குறை என்று சொல்ல வேண்டும். பாட்டைப் பற்றிப் பேசுவது அங்கே கிட்டத்தட்ட அநாகரிகம். குறை கண்டுபிடிப்பதில் லெஸ்ஸை மிஞ்ச ஆளில்லை. அவர் வாயைத் திறந்தால், ரெக்கார்டு கொண்டுவந்தவர் கையிலிருந்த லாமிங்டன் கேக்கைத் தின்ன மனமில்லாமல் தட்டில் வைத்துவிடுவார்.

சனிக்கிழமைகளில் துறைமுகத் தெருவில் உள்ள தர்மக் கடைக்குப் போவார். ஊரார் கொடுத்துவிட்டுப் போகிற பழைய துணி, பீங்கான், ரெக்கார்டு எல்லாம் அங்கே விற்பனைக்கு இருக்கும். கல்லாவில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருப்பவள் மார்லீன் பாஸ்கோ. துறைமுகத்து மதுக்கடையில் வெள்ளிக்கிழமைதோறும் ப்ளூஸ் பாடி, கப்பல் இறக்குகிற முரட்டு ஆட்களையே மூக்கு சிந்த வைத்தவள். அவளுக்கென்று ரெக்கார்டு எதுவும் கிடையாது. யாரோ அந்த மதுக்கடை மேசையில் வைத்துப் பிடித்த ஒரு கேசட் உண்டு. அதில் அவளைவிடக் கண்ணாடிக் கோப்பைகள்தான் சத்தமாகப் பாடின. அதை லெஸ்ஸிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். அவர் மறுவாரமே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"முழுசா கேட்டியா?" என்று அன்று கேட்டாள்.

"கேட்டேன்... சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, மார்லீன்."

"அந்தக் காலத்துப் பொம்பளைங்க நெஞ்சு வெடிச்சுப் பாடினா உனக்கு மீன் பொரிக்கிற சத்தம் மட்டும்தான் கேக்குது. நான் பாடினா கிளாஸ் சத்தம். உன் காதைக் கழட்டி இங்க குடுத்துட்டுப் போ, கண்ணு. ஒரு டாலருக்கு வித்துடறேன்."

லெஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பெட்டியைக் குடைந்தார்.

பிப்ரவரி மாதத்து ஒரு சனிக்கிழமை, மார்லீன் கேலி எதுவும் செய்யவில்லை. லெஸ் தேர்ந்தெடுத்த ரெக்கார்டைப் பையில் போட்டாள். பையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"புதன்கிழமை தொண்டையில கத்தி வைக்கிறாங்க. பேச்சு வரலாமாம். பாட்டு வராதாம். டாக்டர் சுத்தி வளைக்காமச் சொல்லிட்டார்."

லெஸ்ஸும் பையின் மறுமுனையை விடவில்லை.

"மூஞ்சியைத் தொங்கப் போடாதே. நல்லாப் பதிவான பொம்பளையத் தேடித்தானே சனிக்கிழமை சனிக்கிழமை வர்ற? என்னைப் பதிஞ்சு குடு. ஒரே ஒரு பாட்டு. கிளாஸ் சத்தம் இல்லாம."

அந்தக் கணத்தில் லெஸ் பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார் என்பதை மறைப்பதற்கில்லை. ஊரில் இதைச் செய்யத் தகுந்த ஆள் தன்னை விட்டால் யார் என்று நினைத்தார். அப்படித்தான் ஊரும் நினைத்திருக்கும்.

மறுநாள் ஞாயிறு. கிளப் நண்பர் ஆல்டோ தன் மைக்கைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார். லெஸ்ஸிடம் பெரிய சக்கரம் வைத்த டேப் மெஷின் இருந்தது. கம்ப்யூட்டரில் பதிவதை அவர் பதிவு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். உறை பிரிக்காத நல்ல டேப் ஒன்றே ஒன்று கைவசம் இருந்தது. ஃபிரிட்ஜை நிறுத்தினார், சுவர்க் கடிகாரத்தைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தார், நாயை அடுத்த தெருவுக்கு அனுப்பினார். வில்மாவைச் சமையலறையில் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"மூச்சு விடலாமா?" என்று உள்ளிருந்து வில்மா கேட்டாள்.

"மெதுவா விடு."

மார்லீன் தன் பழைய கிதாரோடு கூடத்து நடுவில் உட்கார்ந்தாள். பாட்டு அவளே கட்டியது. இழுவைக் கப்பலில் வேலை செய்த புருஷன் வீடு திரும்புகிற பாட்டு; அவனுக்கு முன்னால் அவன் மேல் வீசும் டீசல் வாசனை வாசலுக்கு வந்துவிடும், ஒரு நாள் வாசனை மட்டும் வந்தது, ஆளைக் காணோம் என்று போகும். கதையல்ல, அவள் பட்டது. அன்று காலை அவள் குரல் வயதையும் நோயையும் வெளியே நிறுத்திவிட்டு வந்திருந்தது. ஆல்டோ இரண்டாவது வரியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரியில் அவள் குரலை மெல்லத் தூக்கி, காற்றில் நிறுத்தி, அப்படியே கரையவிட்டாள். கரைந்து முடிவதற்குள் லெஸ் கத்தினார்.

"கூரை! மறுபடி!"

வெயில் ஏற ஏறத் தகரக் கூரை விரிந்து டிக் டிக்கென்று சொடுக்குவது அங்கே எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆல்டோவின் காதில் அது விழவே இல்லை. லெஸ்ஸின் காதில் அது ஒன்றுதான் விழுந்தது. டேப்பைப் பின்னால் சுற்றி, அதன் மேலேயே மறுபடி பதிந்தார்.

இரண்டாம் தடவை மேக்பைப் பறவை ஒன்று ஜன்னலுக்கு வெளியே கச்சேரி வைத்தது. மறுபடி. அடுத்த தடவை எதிர்வீட்டுக்காரன் புல்வெட்டும் இயந்திரத்தை முடுக்கிவிட்டான். மறுபடி. ஒவ்வொரு தடவையும் லெஸ் முந்தையதை அழித்தார். குறையுள்ளதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"யோவ், முதல்ல பாடினதே போதும்யா," என்றார் ஆல்டோ. "அந்தம்மாவுக்கு முடியல, பாரு."

"இவங்களுக்கு இருக்கிறது ஒரே சான்ஸ், ஆல்டோ. அதுல கூரை சத்தமா இருக்கணும்?"

மார்லீன் தேன் கலந்த வெந்நீரைக் குடித்தாள். "அவன் சொல்றபடி செய்வோம், விடு. அவனுக்குத்தான் தெரியும்." லெஸ்ஸை நினைத்தால் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அவள் அவரை நம்பினாள்.

பொழுது சாய்ந்து கூரை ஆறியது. பறவை அடங்கியது. தெருவில் ஒரு சத்தமில்லை. லெஸ் கனவு கண்ட அமைதி அது. மார்லீன் பாடினாள். முடிந்ததும் லெஸ் டேப்பை நிறுத்தினார்.

"கிடைச்சுதா?" என்று கேட்டாள். கரகரவென்று வந்தது கேள்வி.

"கிடைச்சுது," என்றார் லெஸ்.

பொய். அவருக்கு அப்போதே தெரியும்.

புதன்கிழமை கத்தி வைத்தார்கள். அன்று சாயங்காலம்தான் லெஸ் துணிந்து டேப்பைப் போட்டுக் கேட்டார். வாழ்நாளில் அவர் கேட்டவற்றிலேயே மிகச் சிறந்த பதிவு. மார்லீன் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மூச்சு, விரல் நகர்கிற ஓசை, உதடு பிரிகிற ஈரம், எதுவும் தப்பவில்லை. பாட்டு மட்டும் இல்லை. நாள் முழுக்கக் கசக்கப்பட்ட குரல் மேலே ஏறப் பார்த்து உடைந்தது, மறுபடி ஏறப் பார்த்து உடைந்தது. ஒரு பெண் தன் குரலைத் தேடித் தோற்பதை அவர் ஒரு குறையும் இல்லாமல் பதிந்திருந்தார்.

வில்மா வந்து பார்த்தபோது மனிதர் முகத்தை இரு கையிலும் புதைத்துக்கொண்டு இருந்தார்.

"காலையில பாடினதை அழிச்சுட்டேன், வில்மா. எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

வில்மா சமையலறைக்குப் போய்த் தன் ஃபோனோடு திரும்பினாள். "வையாலாவுல இருக்கிற என் தங்கச்சிக்கு அனுப்பலாம்னு பிடிச்சேன். கதவுக்கு இந்தப் பக்கமிருந்து. கேட்டுட்டுத் திட்டாதே."

ஃபோனின் கடுகளவு ஓட்டையிலிருந்து வந்தது பாட்டு. குழாய் சொட்டியது. அடுப்புக் கதவு கிறீச்சிட்டது. கதவுக்கு அப்பாலிருந்து வந்த குரலில் தாழ்ந்த சுருதியின் கனமே இல்லை. ஷெட்டில் போடக்கூட லாயக்கில்லாத பதிவு. அதற்குள்ளே மார்லீன் முழுசாக இருந்தாள். புருஷன் வரவில்லை, டீசல் வாசனை மட்டும் வந்தது. கடைசி வரியில் குரல் ஏறி நின்றது, கரையத் தொடங்கியது, அதன் தலையில் ஒரு மடையன் கத்தினான்: "கூரை! மறுபடி!"

"அந்தக் கடைசியை வெட்டிடலாமே?" என்றாள் வில்மா.

லெஸ் அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டார். கத்தலுக்கு அடியில் மார்லீனின் குரல் இன்னும் போய்க்கொண்டிருந்தது. அதை வெட்டினால் இதுவும் போய்விடும். வேண்டாம் என்று தலையசைத்தார்.

மார்லீன் வீடு திரும்பியதும் லெஸ் போனார். கழுத்தில் கட்டோடு அவளே கதவைத் திறந்தாள். லெஸ் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். நல்லதை எல்லாம் அழித்துவிட்டேன், கிடைத்தது என்று பொய் சொன்னேன் என்றார். வில்மாவின் ஃபோனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். மார்லீன் காற்றாக வந்த குரலில் "போ" என்றாள். கதவு சாத்தப்பட்டது. அறைந்து சாத்தியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினாள்.

மார்ச் முதல் ஞாயிறு. மண்டபத்தில் லெஸ்ஸின் முறை வந்தது. அவர் கையில் ரெக்கார்டு இல்லை. ஃபோனை எடுத்துக் கம்பி சொருகியதும், அடுக்களையில் எலி புகுந்தது போல ஒரு சலசலப்பு.

"என்னய்யா இது, ஃபோனா?" என்றார் ஒருவர்.

"ஆமா. ரொம்ப மோசமான பதிவு," என்றார் லெஸ். "கேளுங்க."

அப்போது பின்கதவு திறந்தது. வில்மா மார்லீனின் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்பது எனக்குத் தெரியாது. வில்மா ஒன்றை முடிவு செய்துவிட்டால் எதிரே நிற்பவர்கள் மறுபேச்சில்லாமல் மேல்கோட்டு மாட்டிக்கொண்டு கூடக் கிளம்புவதுதான் வழக்கம். மார்லீன் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், லெஸ் பக்கம் பார்க்கவில்லை. லெஸ் ஃபோனை மேசைமேல் வைத்தார். பொத்தானை அழுத்தினார்.

ஆள் உயர ஸ்பீக்கர்களிலிருந்து குழாய் சொட்டியது. அடுப்பு கிறீச்சிட்டது. இருவர் முகம் சுளித்தார்கள். பிறகு பாட்டு வந்தது, சுளித்த முகங்கள் சுளிக்க மறந்தன. மார்லீன் கட்டுப்போட்ட கழுத்தில் கையை வைத்துக்கொண்டு தன்னையே கேட்டாள். கடைசி வரி ஏறியது, நின்றது. கரையும்போது லெஸ்ஸின் குரல் மண்டபமே அதிரக் கத்தியது. தன் குரலை அத்தனை பெரிதாக அவர் கேட்டதில்லை. கூனிக் குறுகிப்போனார்.

வழக்கப்படி அமைதி. வழக்கப்படி இனிக் குறை சொல்ல வேண்டும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஆல்டோ மட்டும் தொண்டையைச் செருமினார். "பாடினவங்ககிட்ட ஒரு குறையும் இல்ல. கடைசில கத்துறானே ஒரு கழுதை, அவனைத்தான் உதைக்கணும்."

"உதைங்க," என்றார் லெஸ். அவர் கண்களில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. எழுந்து பின்வரிசையைப் பார்த்தார். "மார்லீன், இது ஒண்ணுதான் மிச்சம். இது உன்னுது."

மார்லீன் வெகுநேரம் அவரையே பார்த்தாள். வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. எல்லோரும் முன்னால் குனிந்தார்கள். குறை கேட்டே பழகிய காதுகள் அத்தனையும் அவள் உதட்டருகே போய் நின்றன.

"மறுபடி," என்றாள்.

லெஸ் மறுபடி போட்டார்.