பட்டப்பகலில் ஒரு புரொஜெக்டர்

“...அதுக்குத் திரைச்சீலையை இழுத்து மூடவேணுமெண்டால் எனக்கு அது வேண்டாம் அண்ணை. இருட்டுக்குள்ளை என்னாலை படிப்பிக்க ஏலாது” என்று ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஒரு கடையின் நடுவே நின்று சொல்லிக்கொண்டிருந்தார் சின்னம்மா.

பக்கத்து ஹம் நகரில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒரு சின்ன அறையில் நடந்தது. சின்னம்மாதான் ரீச்சர். பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் சேர்ந்து ஒரு புரொஜெக்டர் வாங்கத் தீர்மானித்து, பொறுப்பைச் சின்னம்மாவின் அண்ணனான மாமாவிடம் விட்டிருந்தார்கள். மாமா எந்தச் சாமானைக் கண்டாலும் “கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்” என்பார். புரொஜெக்டரையும் அப்படியேதான் வாங்கப் பார்த்தார். அவருக்குப் பிடித்ததில் படம் சுவரளவு விழும், ஆனால் அறையை இருட்டாக்கினால்தான் எழுத்துத் தெரியும். சின்னம்மா கைகாட்டியதில் படம் சிறிது. வெயில் நேரத்திலும் பளிச்சென்று தெரியும்.

சின்னம்மாவுக்கு அப்போது காது மந்தமாகிக்கொண்டு வந்தது. அதை ஒருவருக்கும் அவர் சொல்லவில்லை. தெரிந்தால் வகுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். நாங்கள் வாசிப்பதை உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொண்டிருந்தார். இருட்டில் உதடு எங்கே தெரியும்? இதெல்லாம் நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு அறிந்தது. அன்றைக்கு அவர்களோடு கடைக்குப் போன எனக்கு எட்டு வயது. “இஞ்சை பார்த்து வாசி, வாயைத் திறந்து வாசி” என்று அவர் சொல்வதைக் கண்டிப்பு என்றே நினைத்திருந்தேன்.

மாமா வயர்களுக்குள் குனிந்தபடி, “இதிலை ஸ்பீக்கரும் இருக்கு. சத்தத்தைக் கேளன்” என்றார்.

“ஓம், நல்ல சத்தம்தான்” என்றார் சின்னம்மா.

கடைக்காரப் பெடியன் இன்னும் சத்தத்தைப் போடவேயில்லை. மாமா நிமிர்ந்தார். சின்னம்மாவின் முகம் வெளிறிப்போனது.

“என்ன, பகிடியே விடுறாய்? ஏன் இந்தப் பிடிவாதம்? காரணத்தைச் சொல்லு. இல்லையெண்டால் நான் இதைத்தான் எடுக்கப்போறன்.”

சின்னம்மா வெளிச்சமான புரொஜெக்டரையே திரும்பவும் காட்டினார்.

எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் தங்கும் நாட்களில் விளக்கை எரியவிட்டுத்தான் அவர் படுப்பார்.

“மாமா, சின்னம்மாவுக்கு இருட்டெண்டால் பயம்!”

கடை முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன்.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ரீச்சருக்குப் பேய்ப் பயமோ? இதை முதலே சொல்லியிருக்கலாமேயடி! சரி, வெளிச்சமானதையே எடுப்பம்” என்று கண்ணைத் துடைத்தபடி, பெடியனிடம் ஜெர்மனில் அதையே கட்டித்தரச் சொன்னார்.

பெரியாட்களின் பயத்தை ஊரறியப் போட்டுடைத்தாயிற்று. சனிக்கிழமை எனக்கு நல்லாய்க் கிடைக்கும் என்று மாமாவின் பின்னால் ஒதுங்கினேன். சின்னம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டார். “ஓம் அண்ணை, பயம்தான். சரியான பயம்” என்றார்.

மானத்தை வாங்கியவளை ஏன் தேடி வருகிறார் என்று விளங்காமல் நான் விழித்துக்கொண்டு நிற்க, சின்னம்மா என்னை வெளியே இழுத்து, குனிந்து, இரண்டு கன்னத்திலும் மாறி மாறிக் கொஞ்சினார்.