தறி நிற்கும் பகலில் ஒரு பாட்டு

கணேஷ்குமாருக்கு அருப்புக்கோட்டையில் ஒரு நூல்கடையில் கணக்கு எழுதும் வேலை. மிச்ச நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் இசை. காதுகுத்து வீடியோ, கல்யாண வீடியோ என்று கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா போட்டுக் கொடுப்பார். எல்லாம் இலவசமாகக் கிடைத்த சாஃப்ட்வேரில்தான். குரல் பதிய மட்டும் மாதாந்திர மின்தடை நாளுக்குக் காத்திருக்க வேண்டும். தெருவில் விசைத்தறிகள் ஓயும் பகல் அது ஒன்றுதான். அதற்காகவே பேட்டரியில் ஓடும் பழைய லேப்டாப்பை விடாமல் வைத்திருந்தார்.

சௌடேஸ்வரி அம்மன் பாட்டு ஆல்பத்துக்கு இசையமைக்க மதுரை ஸ்டுடியோக்காரர் முகேஷ் ஆள் தேடினார். மாதிரிக்கு ஒரு பாட்டு இந்த மாத மின்தடை நாள் சாயங்காலத்துக்குள் போக வேண்டும். பிடித்துவிட்டால் ஆல்பம் முழுக்கக் கணேஷ்குமாருக்கு. "ஓசி சாஃப்ட்வேர்ல பண்றதெல்லாம் பொழுதுபோக்குண்ணே" என்று முகேஷ் போனில் சொன்னது தைத்துவிட்டது. ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் சாஃப்ட்வேரை முந்தின நாளே இறக்கிக்கொண்டார்.

மனைவி வேணி பாடினாள். ஜன்னலில் போர்வை, ஃபேன் ஓடாத அறை, கழுத்தெல்லாம் வியர்வை. கடைசிச் சரணத்தில் குரல் இதுவரை ஏறாத இடத்துக்கு ஏறி நின்றது. கணேஷ்குமார் சேமிக்கும் பட்டனை அமுக்கினார். இது சோதித்துப் பார்க்கத்தான், சேமிக்க வேண்டுமானால் வாங்கு என்றது திரை. வாங்கும் விலையா அது! மறுபடி அமுக்கினார். அதே பதில்.

"என்னாச்சு?"

"சேவ் ஆகல."

தெருவின் மற்ற நெசவாளர்களைப் போல வீட்டில் அவர்கள் பேசுவதும் கன்னடம். கோபம் வந்தால் வேணிக்குத் தமிழ்தான்.

"நேத்தே பாத்து வைக்க மாட்டீகளா? நான் என்ன ரேடியோவா, திருகுனா திரும்பப் பாட?"

பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. எதிர்த் தறிக்கூடத்தில் ஆட்கள் திரும்பி வரும் பேச்சுச் சத்தம். கரண்டு வரும் நேரம்.

"அத மூடுங்க. பழைய சாஃப்ட்வேரத் தொறங்க."

"அதுலயா? முகேஷ் சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். தொண்டை இன்னொரு தடவைதான் தாங்கும்."

மூடினால் அந்தச் சரணம் போய்விடும். மூடினார்.

"மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா எனக்குப் பாட்டு வராது. அங்கிட்டுத் திரும்புங்க."

சுவரைப் பார்த்தபடி கேட்டார். இந்த முறை குரல் அவ்வளவு உயரம் போகவில்லை; ஓரிடத்தில் கரகரத்தது. கடைசி வரி முடிந்து அவர் மூச்சு விடுவதற்குள் தெருவில் முதல் தறிச் சத்தம் எழுந்தது. சேமித்துப் பார்த்தார். சேமித்துக்கொண்டது. ஏற்கெனவே செய்துவைத்திருந்த வாத்திய இசையோடு சேர்த்து அனுப்பிவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் முகேஷ் கூப்பிட்டார்.

"குரல் அருமைண்ணே. யாரு?"

"வீட்டுலதான்."

"அவுகள மதுரைக்கு அனுப்பி வைங்க. எல்லாப் பாட்டும் அவுகளே பாடட்டும். மியூசிக்க நம்ம ஆளு பாத்துக்குவாப்ல."

எந்த சாஃப்ட்வேரில் செய்தீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

தெரு முழுக்கத் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. "என்ன சொன்னாக?" என்று வேணி அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"ஒன்னையப் பாடக் கூப்புடுறாக!"

"மியூசிக்கு நீங்கதான?"

இல்லை என்பதையும் அவர் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.