உத்துப்பார்வை

என் விசைத்தறிக்குப் பக்கத்துத் தறி அவருடையது. இருபத்தாறு வருஷம். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் ஷெட்டில் எல்லோரும் வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். மேஸ்திரியைத் திட்ட அதைவிட வசதியான இடம் கிடையாது.

அந்த இரைச்சலில் எனக்கு ஒரு காதாவது மிஞ்சியது. அவருக்கு இரண்டும் போய்விட்டது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று மனைவியையும் என்னையும் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை, பெற்ற மகளிடம்கூட. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ரகசியம் எங்கள் இருவருக்குள் நின்றது. யார் பேசினாலும் இமை கொட்டாமல் வாயையே பார்ப்பார். பஸ்ஸில் ஒரு பெண், "நீயெல்லாம் அக்கா தங்கச்சியோட பொறக்கலையா?" என்று சீறினாள். அதையும் அவள் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார் மனுஷன். தெருவில் அவருக்கு 'உத்துப்பார்வை' என்றே பேர்.

மகளைக் கட்டிக்கொடுத்த இடத்திலும் அதே கதை. அவள் வந்து சொல்லிவிட்டுப் போனாள்: "அப்பா, எங்க வீட்டுக்கு வந்தா யாரையும் அப்படிப் பாக்காதீங்க. அத்தைக்குப் பிடிக்கல. எனக்குத்தான் பேச்சு விழுது."

"உண்மையைச் சொல்லித் தொலைங்கண்ணே" என்றேன்.

"செவிடன் மகள்னு குத்திக் காட்டுவாங்கடா. வேணாம்."

பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அடுத்த முறை போனபோது குனிந்த தலை நிமிரவில்லையாம். தரையையும் தன் கால்விரலையும் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்தாராம். வழியனுப்ப மகள் வாசல்வரை வந்தாள். உள்ளே மாமியார் நின்றதால் அப்போதும் மகளின் காலைத்தான் பார்த்தார். அவள் சொன்னது எப்போதும் சொல்கிற 'போயிட்டு வாங்கப்பா'தான் என்று நினைத்து, "சந்தோஷமா இரும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் ஷெட்டில் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "ஒருத்தரையும் பாக்கலடா!" நானும் மடையன்போலத் தலையாட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள். ஒரு பை. இடது கையில் மாவுக்கட்டு.

"அன்னைக்கு வாசல்ல கேட்டேனேப்பா. அடிக்கிறாங்க, என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு கெஞ்சினேனே. சந்தோஷமா இருன்னு சொல்லிட்டு நடந்தீங்களே."

இந்த முறை அவர் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் தப்பவில்லை.

"எனக்குக் காது கேக்காதும்மா" என்றார். ஷெட்டில் கத்துகிற குரலில் அது வெளியே வந்தது. "பத்து வருஷமாவே கேக்காது."

அவள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அங்கே உட்காரக் கூசியது. பிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அம்மா இருந்திருந்தா கேட்டிருப்பா" என்றாள்.

அவளுடைய முதுகுதான் அவருக்குத் தெரிந்தது.

"என்னடா சொன்னா?" என்று என் வாயையே பார்த்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.