நாதம் மறைத்த இருமல்

கேளாத செவிக்கும் உள்நின்று உணர்த்தும் ஆறுமுகப் பெருமானின் திருவடியைத் தலைமேற்கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன்.

அட்சய ஆண்டு, கார்த்திகைத் திங்கள், தீபத் திருநாள். ஈப்போவிலிருந்து லகாட் செல்லும் சாலையை ஒட்டிய ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அப்போது நான் கிராணியாக இருந்தேன். துரைக்கும் தொழிலாளருக்கும் நடுவே நின்று எழுத்து வேலை பார்ப்பவனுக்கு எங்கள் பக்கத்தில் அதுவே பெயர். அன்று மாலை, என் ஐம்பத்தாறாம் வயதில், முதன்முறையாகச் செவிக்கருவி ஒன்றை அணிந்தேன். அதை அணிய நேர்ந்த கதையைச் சொன்னால்தான் அணிந்தபின் நடந்தது விளங்கும்.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் என் இரு காதுகளிலும் ஓர் ஒலி எழத் தொடங்கியது. தொலைவில் யாரோ விடாமல் சங்கு ஊதுவது போல் இருக்கும். சில நாட்களில் அது வண்டின் முரல்வாக மாறும். உணவிலும் உறக்கத்திலும் அது நின்றதில்லை. சிறு வயது முதல் பதிகங்களை ஓதி வளர்ந்தவன் நான். வெள்ளிதோறும் தோட்டத்து முருகன் கோயிலில் பண்ணோடு பாடுபவன். மனம் அடங்கிய யோகியர் தமக்குள்ளே சங்கும் மணியும் வண்டும் ஒலிக்கக் கேட்பர் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருந்தேன். ஆகவே என்னுள் எழுந்ததும் அதுவே என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்டுத் தெளியவில்லை. தெளிய வேண்டும் என்று தோன்றவுமில்லை.

என் மனைவிக்கு மட்டும் சொன்னேன். அவள், தோட்டத்து டிரெசரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றாள். டிரெசர் எங்கள் தோட்டத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். நான் மறுத்ததால் அவளே அவரை வீட்டுக்கு அழைத்துவிட்டாள். அவர் என் காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்தார். இருபதாண்டுகளாக நான் ஸ்டோர் எனும் தோட்டத்து ஆலையில் ரப்பர் உருட்டும் இயந்திரங்களுக்குப் பத்தடி தள்ளி அமர்ந்து ரப்பர்ப் பால் நிறுத்து வந்ததையும், காய்ச்சல் காலங்களில் அளவுக்கு மேல் கொய்னா மாத்திரை விழுங்கியதையும் அவர் அறிவார்.

"கிராணியாரே, இது கொய்னாவும் மெஷினும் சேந்து செஞ்ச வேல லா. இதுல எதுக்குச் சாமிய இழுக்குறீங்க?" என்றார்.

அதன்பின் ஓராண்டு நான் அவருடன் பேசவில்லை.

ஒலி வளர வளர வெளியுலகத்து ஓசைகள் தேய்ந்தன. பெரட்டு எனும் விடியற்காலை ஆள்கணக்கெடுப்பில் நான் பெயர் வாசிக்கும்போது, தொழிலாளர் குரல் கொடுப்பதை விட்டு விளக்கின்முன் வந்து கை உயர்த்தத் தொடங்கினர். அது என்மீதுள்ள மரியாதை என்று எண்ணிக்கொண்டேன். நான் செவிடுபட்டு வருவதைக் கண்டு அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு அது என்பது பின்னரே தெரிந்தது. வீட்டில் காலையும் மாலையும் பூசையறையில் அமர்ந்து அந்த ஒலியையே கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வேளையில் எக்காரணம் கொண்டும் என்னை அழைக்கலாகாது என்று சொல்லியிருந்தேன். என் மனைவி அதை மீறியதேயில்லை. மற்ற வேளைகளில் ஏதேனும் சொல்ல வேண்டுமானால் என் முன்னே வந்து நின்று, கைவிரலால் என் மணிக்கட்டைத் தொடுவாள். நான் தலையசைப்பேன். பாதி நேரம் அவள் சொன்னது இன்னதென்று தெரியாமலேதான் அசைப்பேன்.

தாப்பாவில் பள்ளி ஆசிரியனாக இருந்த என் மகன் தீபத்துக்காக வந்திருந்தான். தாயைக் கண்டதும் அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். சாப்பிட்டு முடித்ததும் பினாங்கிலிருந்து வரவழைத்த ஒரு பெட்டியைத் திறந்தான். மார்பில் தொங்கி ஒலியை வாங்கும் கறுப்புப் பேழை ஒன்று, செங்கல் அளவுக்குக் கனக்கும் பேட்டரி ஒன்று, ஒரு கம்பி, தலைக்கு மேலாக வளைந்து காதில் அழுந்தும் எஃகுப் பட்டை. இவற்றை அணிந்தால் என்னுள் எழும் நாதம் கலையும் என்றேன். அவன் என்னை எதிர்த்துப் பேசியவனல்லன். அன்று பேசினான்.

"உங்களுக்காக வாங்கலப்பா. அம்மாவுக்காக வாங்கினேன். போடுங்க."

போட்டுக்கொண்டேன். கார்த்திகை மழை தகரக் கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. மகன் விசையைத் திருப்பியதும் அம்மழை முழுவதும் என் மண்டைக்குள் விழுந்தது. தட்டு வைக்கும் ஓசை வாள் வீச்சாக வந்தது. பேழை என் சட்டையில் உரசியது மரம் அறுப்பது போல் கேட்டது. கழற்றிவிடக் கையைத் தூக்கினேன். அப்போது அந்த இரைச்சலுக்குள் வேறொன்று கேட்டது. வறண்ட, ஆழமான இருமல். நின்றது, மீண்டும் எழுந்தது.

யார் இருமுவது என்று கேட்டேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான். அடுக்களை வாயிலில் முந்தானையால் வாயைப் பொத்தியபடி என் மனைவி நின்றிருந்தாள்.

"நாந்தான்," என்றாள். "சித்திரையிலேருந்து இருமிக்கிட்டுத்தான் இருக்கேன்."

கடைசியாக அவள் குரலை எப்போது கேட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. கோயிலில் விளக்கேற்றும் வேளை நெருங்கியும் அன்று நான் வீட்டைவிட்டு நகரவில்லை.

மறுநாள் டிரெசர் அவள் முதுகில் காது வைத்துக் கேட்டார். என்னிடம் எதுவும் பேசாமல் ஈப்போவுக்கு அழைத்துப் போகும்படி மகனிடம் சொன்னார். ஈப்போவில் ஒரு பெரிய டாக்டர் பார்த்தார். சயரோகம், இரு பக்கமும் பரவிவிட்டது என்றார். எத்தனை மாதமாக இருமல், எத்தனை மாதமாக மாலைக் காய்ச்சல் என்று கணவனாகிய என்னை நோக்கித்தான் கேட்டார். கருவி என் காதில் இருந்தது. கேள்வி தெளிவாகவே கேட்டது. விடைதான் என்னிடம் இல்லை. அங்கேயே தங்கிப் பார்க்கலாம் என்று மகன் கெஞ்சியும் அவள் இணங்கவில்லை. மருந்துப் புட்டிகளுடன் தோட்டத்துக்கே திரும்பினோம்.

அதன்பின் அக்கருவியைப் பழகுவதே என் நோன்பாயிற்று. முதல் இரு வாரம் தலைவலி நீங்கவில்லை. எஃகுப் பட்டை அழுந்திக் கன்னப்பொறி புண்ணாயிற்று. கருவி இயங்கும்போது காதின் ஒலி பின்வாங்கிப் பதுங்கும். கழற்றிய கணமே, தடுத்து வைத்ததற்குச் சினந்தது போல் இருமடங்காக எழும். பேட்டரியோ சில மணி நேரமே உழைக்கும். புதியது பினாங்கிலிருந்து வர நாளாகும். ஆகவே பெரட்டில் அதை அணிவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கோயிலிலும் அணியவில்லை, வெள்ளிப் பாட்டையே விட்டுவிட்டேன். இருந்த நாழிகை அனைத்தும் அவளுக்கென்று ஒதுக்கினேன். பேழையை என் மார்பில் மாட்டாமல் அவள் தலையணை அருகே வைத்துக் கம்பியை நீட்டிக்கொண்டால், உரசல் இல்லாமல் அவள் குரல் மட்டும் வந்து சேரும் என்பதை ஒரு பகலில் தற்செயலாகக் கண்டுகொண்டேன்.

அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"டேசன் மாஸ்டர் தந்தி கேக்குற மாதிரி இருக்கு," என்பாள். இருமல் வந்துவிட்டால், "இதக் கேக்கவா பேட்டரியக் கரைக்கிறீங்க? மூடி வைங்க," என்று பேழையைத் தள்ளுவாள். நான் மூடமாட்டேன். ஐந்தாண்டுகளில் என்னிடம் சொல்லாமல் விட்டவற்றையெல்லாம் அவள் சொன்னாள்: தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யார் யாருக்குத் திருமணம் ஆயிற்று, எந்தப் பிள்ளை இறந்து பிறந்தது, எங்கள் மாடு எப்படிச் செத்தது. அத்தோட்டத்திலேயே இருந்தும் எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். உடம்பு இப்படி உருகும்வரை ஏன் என்னை உலுக்கிச் சொல்லவில்லை என்றேன். குற்றம் சாட்டும் குரலில்தான் கேட்டிருப்பேன் போலும். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னாள்.

"உங்கள சாமி கூப்பிடுதுன்னு சொன்னீங்க. டிரெசர் சொன்னத நான் முழுசா நம்பல, நீங்க சொன்னதத்தான் நம்பினேன். சாமி கூப்பிடுறப்ப நான் குறுக்க கூப்பிட்டா பாவம் இல்லியா?"

தெய்வத்தின்மேல் நான் கொண்ட பற்றை அவள் மதித்தாள். அதற்குத் தன் உயிரையே விலையாக வைத்ததை அவள் அறிந்தே செய்தாளா, அறியாமல் செய்தாளா என்று எனக்கு இன்றளவும் தெரியாது.

தை மாதத்தில் ஒரு மாலை, பதிகம் ஒன்று பாடச் சொன்னாள். காதில் கருவியோடு அதுவரை நான் பாடியதில்லை. இரண்டு அடிகளுக்குள் நின்றுவிட்டேன். சுருதி எங்கோ இருந்தது, என் குரல் எங்கோ அலைந்தது. கோயிலில் இத்தனை நாளும் இப்படியா பாடினேன் என்றேன்.

"அஞ்சு வருசமா இப்படித்தான்," என்றாள். "பாடுங்க. பழகிப் போச்சு."

சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று. அது அடங்கியதும் நான் முழுப் பதிகத்தையும் பாடி முடித்தேன்.

மாசி மாதத்தில் ஒரு நண்பகல். இருந்த பேட்டரி காலையிலேயே ஓய்ந்துவிட்டது. விடுப்பில் வந்திருந்த மகன், பினாங்கிலிருந்து ரயிலில் வரும் புதியதைப் பெற்றுவர ஈப்போ நிலையத்துக்குப் போயிருந்தான். நான் அவள் அருகில் அமர்ந்திருந்தேன். அவள் என் மணிக்கட்டைத் தொட்டு ஏதோ சொன்னாள். உதடுகள் அசைந்தன, நான்கைந்து சொற்கள் இருக்கும். என் செவியில் பழைய இரைச்சலே நிறைந்திருந்தது. மறுபடி சொல்லச் சொன்னால் அவளுக்கு மூச்சு இரைக்குமே என்று எண்ணி, விளங்கியது போல் தலையசைத்தேன். கேளாமல் நான் தலையசைப்பது எப்படியிருக்கும் என்று அவளைவிட அறிந்தவர் எவருமில்லை. என்னைப் பார்த்து மெல்லப் புன்னகைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். மகன் பேட்டரியோடு திரும்பியபோது பேழையை இயக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

அந்த நான்கைந்து சொற்கள் எவை என்று எவ்வளவோ நாள் எண்ணிப் பார்த்துவிட்டேன். தண்ணீர் கேட்டிருக்கலாம், மகனைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். காதின் ஒலி இன்றும் நிற்கவில்லை. அதன்மேல் எனக்குப் பகையில்லை, பக்தியுமில்லை. நோய் நோயாகவே இருக்கிறது. அதற்குத் தெய்வப் பெயர் சூட்டியது என் செருக்கு. அந்தப் பழியை இறைவன்மேல் ஏற்ற நான் துணியமாட்டேன்.

இப்போது யார் என்னிடம் எது சொன்னாலும், அவர் துரையாயினும், லயத்துத் தொழிலாளியாயினும், "எனக்குக் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று நாணமின்றிக் கேட்டுவிடுகிறேன். ஒருத்தியிடம் அதைக் கேளாது விட்டவனுக்கு ஊரெல்லாரிடமும் கேட்பதே எஞ்சிய கடன் என்று இருக்கிறேன்.

இதைப் படிக்கும் அனைவர் இல்லத்திலும் நோய் நீங்குக. சொல்ல நினைத்தோர் சொல்லும் துணிவும், கேட்க வேண்டியோர் கேட்கும் செவியும் பெற்று, நீவிர் எல்லீரும் முருகன் அருளால் நெடிது வாழ்க.