துரை சொன்ன லீவு

“லீவு கெடச்சிருச்சுங்கப்பா” என்று மகன் போனில் சொன்னதும் என் சின்ன வயதில் அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்த நாகலூர் காப்பி எஸ்டேட் நினைவுக்கு வந்தது.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போக வெள்ளைக்காரத் துரையிடம் அப்பா லீவு கேட்டார். ஓட்டமாக வந்து அம்மாவிடம், “கைய வீசி ‘லீவ், லீவ்’னு ரெண்டு தடவ சொன்னாரு புள்ள. உனக்கும் சேத்துத்தான்” என்றார்.

சாமி கும்பிட்டுத் திரும்பியபோது எங்கள் பாயும் சட்டிபானைகளும் வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்தன. கதவில் வேறு பூட்டு.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் தலைகுனிந்தபடி, “லீவ்னா வேலைய உட்டுப் போன்னும் அர்த்தம் இருக்குதப்பா” என்றார்.

“நான் கேட்டதும் அதே வார்த்தைதானுங்களே?” என்றார் அப்பா.

அன்றே மலையிறங்கினோம். பிறகு அப்பா எந்த முதலாளியிடமும் லீவு கேட்கவில்லை. அம்மா காய்ச்சலில் இறந்த அன்றும், வேலை செய்த இடத்துக்கு ஆள் அனுப்பித்தான் அவரைக் கூட்டிவந்தோம்.