சும்மாக்கா தைத்த திரை

எங்கள் திரைச்சீலைக் கடையில் தையல் மெஷினில் உட்காரும் அக்காவுக்குச் ‘சும்மாக்கா’ என்று பேர் வைத்தது நான்தான். யாருக்கு எதைக் கொடுத்தாலும், “சும்மாதான், வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு, கொடுத்த கையோடு ஓடிவிடுவார். திருட்டுச் சாமானை நம் தலையில் கட்டிவிட்டுத் தப்புகிற மாதிரி இருக்கும்.

கொடுப்பதெல்லாம் அவர் கையால் தைத்ததுதான். வாங்கிக் கொடுக்க வசதி கிடையாது. கணவர் போன பிறகு ஒற்றைச் சம்பளத்தில் மகனை ஆளாக்கியவர். கடையில் வெட்டி விழும் துண்டுத் துணிகளை முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொள்வார். ஆனால் துணி கிடைத்ததே என்று எதையாவது தைக்கிற ஆள் இல்லை. முதலில் ஆளைப் பார்ப்பார். எங்கள் கணக்கர் நாள் முழுக்க மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். அவருடைய நாற்காலிக் கையில் மாட்ட ஒரு பை வந்தது. தரையில் மண்டியிட்டுத் துணி வெட்டும் எனக்கு, முழங்காலில் கட்டிக்கொள்ளப் பஞ்சு வைத்த பட்டை. அதன் பிறகுதான் நான் நொண்டாமல் வீடு போய்ச் சேர்கிறேன்.

மகன் கல்யாணம் ஆகித் தனி வீடு போனான். மருமகள் நர்ஸ், பெரும்பாலும் இரவு வேலை. அக்கா ஒருநாள் போயிருந்தபோது, “பகல்ல கண்ணை மூட முடியல அத்தை, வெயில் மூஞ்சியிலயே அடிக்குது” என்று பேச்சுவாக்கில் சொன்னாளாம். மகன் டிவியில் மூழ்கிக் கிடந்தான். அக்கா மட்டும் அந்த ஜன்னலைக் கையால் முழம் போட்டு அளந்துகொண்டு வந்தார்.

பிறகு சாப்பாட்டு நேரமெல்லாம் மெஷினில்தான். இரண்டு துணிக்கு நடுவே கனமான கறுப்புத் துணி வைத்து, ஓரத்தில் வெளிச்சம் நுழையாதபடி சுவரோடு ஒட்டும் பட்டை வைத்து ஒரு திரை தைத்தார். கடையில் விலை போட்டால் எங்களில் யாராலும் வாங்க முடியாது. அதை எடுத்துப்போய்க் கொடுத்தவர் என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்?

“சும்மாதான்மா, கடையில கெடந்த துணி.”

அக்கா அடுத்த முறை போனபோது அது வாஷிங் மெஷினுக்கு மேல்விரிப்பாகக் கிடந்தது. அதன்மேல் சோப்புத்தூள் டப்பா.

மறுநாள் அக்கா மெஷினில் கவிழ்த்த தலையை நிமிர்த்தாமல் தைத்தார். நோண்டி நோண்டிக் கேட்ட பிறகுதான் சொன்னார். “இனிமே அங்க போகமாட்டேன். அவளுக்கு என்னைப் பிடிக்கல. என் கைக்கு அங்க அவ்வளவுதான் மரியாதை.”

இருப்பது ஒரே மகன், ஒரே மருமகள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது, மருமகள் மேல் அல்ல.

“கெடந்த துணின்னு நீங்கதானே சொன்னீங்க? அவ நம்பிட்டா. உனக்காகத் தச்சேன்னு சொன்னா வாயிலருந்து முத்து உதிர்ந்துடுமா?”

“எப்படிடி சொல்றது? சொல்லிக்காட்டற மாதிரி ஆயிடாதா?”

“சொல்றது வேற, சொல்லிக்காட்டறது வேற அக்கா!”

தனியாக விட்டால் வாசலோடு திரும்பிவிடுவார் என்று, அடுத்த நாள் காலையில் நானும் கூடவே போனேன். இரவு வேலை முடித்து வந்த மருமகள் சிவந்த கண்களோடு கதவைத் திறந்தாள். “சும்மாதான்...” என்று அக்கா ஆரம்பிக்க, அவர் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினேன்.

“அந்தத் துணி... அது உன் ஜன்னலுக்கும்மா. வெயில் அடிக்குதுன்னு சொன்னியே. உனக்காகத்தான் தச்சேன்.”

மருமகள் டப்பாவை இறக்கி வைத்துவிட்டுத் துணியை விரித்தாள். கறுப்புத் துணியைத் தடவினாள். ஓரப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

“அன்னிக்கு நான் சொன்னதைக் கேட்டீங்களா அத்தை?” துணியை ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். “உங்க பிள்ளைகிட்ட தினமும்தான் சொல்றேன். அவர் காதுல ஏறவே இல்ல.”

நான் கடையிலிருந்து கொண்டுவந்த கொக்கிகளைக் கோத்து, முக்காலியில் ஏறித் திரையை மாட்டினேன். அறை கும்மிருட்டானது. “கொஞ்சம் படுத்துக்கட்டுமா அத்தை?” என்று கேட்டவள், எங்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அடித்துப் போட்டாற்போல் தூங்கிப்போனாள்.

அக்கா கூடத்தில் அசையாமல் உட்கார்ந்தார். சத்தம் வரும் என்று குழாயைக்கூடத் திறக்க விடவில்லை. கடைக்கு நேரமாகிறது என்று சைகை காட்டினேன்.

“நீ போடி” என்று கிசுகிசுத்தார். “அவ எந்திரிக்கும்போது நான் இங்க இருக்கணும்.”