குகநேசன் வீட்டு முப்பது பாகை

குகநேசனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் என்னால் முடியாது. ஆள் திருடனில்லை, குடிகாரனில்லை, மனைவியைக் கைநீட்டி அடித்தவருமில்லை. வெஸ்ட்லியில் ஏழாம் மாடியில் வீடு, அல்னாப்ரூவில் ஒரு பண்டகசாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மடிப்புக் கலையாத சேட்டு. ஒஸ்லோவில் இப்படி இருநூறு பேரைக் காட்டலாம். ஆனால் எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைக்கிற மனிதனின் வீட்டில், உண்மையாகவே ஒரு விஷயம் தெரிந்த ஆள் வாழ்ந்தால் என்ன பாடுபடும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அந்த ஆள் அவருடைய மனைவி புஷ்பமலர். நானும் அவளும் ட்வெய்ட்டாவுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் பத்தொன்பது வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். எந்தத் துணி எத்தனை பாகைச் சூட்டில் போகவேண்டும் என்று புதிதாக வருகிற நோர்வேப் பிள்ளைகள் அவளிடம்தான் கேட்பார்கள். கம்பளி முப்பது, நிறச் சட்டைகள் நாற்பது, படுக்கை விரிப்பும் துவாயும் உள்ளுடுப்பும் அறுபது. தொற்று உள்ள அறையிலிருந்து வந்தால் அதற்கும் மேலே. துணியைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவாள்.

வீட்டில் அவளுக்கு அந்த உரிமை இருக்கவில்லை. ஒரு வருடம் வானொலியில் யாரோ, சாதாரண அழுக்குக்கு முப்பது பாகை போதும் என்று சொன்னார்கள். சரியான பேச்சுத்தான். குகநேசன் அதில் 'சாதாரண' என்ற சொல்லை மட்டும் தவறவிட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் துவாய், விரிப்பு, காலுறை, குசினித் துணி எல்லாம் முப்பது. சுடுதண்ணீர் நூலைக் கொன்றுவிடும் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பார். ஒருநாளும் அவர் ஒரு துணியை உதறிக் காயப்போட்டதில்லை. பாகையைத் திருப்புவது மட்டும் தன்னுடைய பொறுப்பென்று வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் கை கழுவிவிட்டுத் துவாயை எடுத்தால் புளித்த வாடை அடிக்கும். எனக்குத் தெரியும், நான் துடைத்திருக்கிறேன்.

புஷ்பமலர் ஒருமுறை எடுத்துச் சொல்லிப் பார்த்தாள்.

"நீர் அங்கை கிழடுகளின்ரை மூத்திரத் துணி தோய்க்கிறீர். இது வீடு" என்றாராம். அதன் பிறகு அவள் சொல்லவில்லை.

போன வருடத்துக்கு முந்திய வருடம் நத்தார் விடுமுறைக்கு அவர்களுடைய மகள் தர்மிகா பேர்கனிலிருந்து வந்தாள். அங்கே படிக்கிறாள். மூன்று கிழமை நின்றாள், தாயோடு ஒரே போர்வைக்குள் படுத்தாள். மாசியில் தொலைபேசி எடுத்தாள். தான் இருக்கிற மாணவர் விடுதியில் எல்லோருக்கும் ஸ்கப், அதாவது சிரங்கு, தனக்கும்தான், நீங்களும் வைத்தியரிடம் காட்டுங்கள் என்றாள். அதற்குள் இரண்டு பேரும் சொறிந்துகொண்டுதான் இருந்தார்கள். குளிர்காலத்து வறட்சி என்று குகநேசன் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அது குளிக்காத சனத்துக்கு வருகிற வருத்தம் என்று மகளிடமே சொன்னார். தர்மிகா தொலைபேசியைத் தாயிடம் கொடுக்கச் சொன்னாள்.

குடும்ப வைத்தியர் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை இரண்டு பேரும் ஒரே நாளில் கிறீம் பூசவேண்டும். அன்றைக்கே விரிப்பு, துவாய், போட்ட உடுப்பு எல்லாவற்றையும் அறுபதில் தோய்க்கவேண்டும். தோய்க்க முடியாததைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வைக்கவேண்டும். ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் அதே வேலை. இரண்டு தடவையும் புஷ்பமலர் மெஷினைத் தானே அறுபதில் வைத்து, ஒன்றும் விடாமல் செய்தாள். கடியும் சொறியும் நிற்கவில்லை. விரலிடுக்குகளில் புதிதாகப் பொரிந்தது.

பங்குனியில் திரும்பப் போனார்கள். எல்லாம் அறுபதில் தோய்த்ததா என்று வைத்தியர் கேட்டார். புஷ்பமலர் வாயைத் திறக்க முன்பே குகநேசன் முந்திக்கொண்டார். உடுப்புத் தோய்ப்பது மனைவிதான், எங்கேயோ பிழை விட்டிருப்பாள், அவள் கொஞ்சம் கவனக்குறைவு என்று நோர்வேஜிய மொழியில் அழகாகச் சொன்னார். வைத்தியர் அவள் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக விளங்கப்படுத்தி, கடுதாசியில் 60 என்று பெரிதாக எழுதியும் கொடுத்தார். பத்தொன்பது வருடம் சலவையில் நின்றவள் அந்தக் கடுதாசியை வாங்கிப் பையில் வைத்தாள்.

ஏனடி பேசாமல் இருந்தாய் என்று நான் பிறகு கேட்டேன். தன்னில்தான் பிழையாக்கும் என்று நினைத்தாளாம். அத்தனை நாளும் தன்னுடைய கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாளாம். அந்த மனிதனை நான் மன்னிக்காததற்கு இந்த ஒன்றே போதும்.

அடுத்த சனிக்கிழமை மூன்றாம் தடவையாகத் தொடங்கினாள். விரிப்புகளையும் உடுப்புகளையும் உள்ளே போட்டு, அறுபதில் வைத்து அழுத்திவிட்டு, அறைக்குள் போய்க் கிறீம் பூசினாள். அரை மணித்தியாலம் கழித்துக் குளியலறைக்கு வந்தவள், வேலைத்தலத்துப் பழக்கத்தில் மெஷினின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். அறுபதில் ஓடுகிற மெஷின் என்றால் கையைக் கனநேரம் வைத்திருக்க முடியாது. இது வெதுவெதுப்பாகக்கூட இல்லை. குனிந்து பார்த்தாள். முப்பது.

குகநேசன் சோபாவில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, இதை ஆர் திருப்பினது?"

"நான்தான். உதுக்குள்ளை என்ரை நீலச் சேட்டு கிடக்கு. அறுபதிலை போட்டால் பழுதாப்போடும்."

"போன முறையளும் திருப்பினனீங்களோ?"

"ஓம். கிறீம் பூசினால் காணும். தோய்க்கிறது சும்மா ஒரு சாட்டு."

"அப்ப ஏன் டொக்டரிட்டை என்னைச் சொன்னனீங்கள்?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்தாராம். "அங்கை வைச்சு வேறை என்னத்தைச் சொல்லுறது?"

ஒரு சேட்டு. ஒரு சேட்டுக்காக இரண்டு மாதம் அந்தப் பெண்ணின் தோலைக் கிழிய விட்டவர், அதை ஒரு நியாயம்போல எடுத்துச் சொன்னார்.

புஷ்பமலர் மெஷினை நிறுத்தினாள். ஈரத்தோடு எல்லாவற்றையும் இரண்டு பெரிய பைகளில் திணித்துக் கட்டினாள். எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் காரைக் கொண்டு போனேன். வாசலில் குகநேசன் என்னை மறித்தார். வெட்கப்பட்டு ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ரஞ்சனி, அந்த நீலச் சேட்டை மட்டும் ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்றார்.

நான் எடுத்துக் கொடுக்கவில்லை. என் வீட்டில் வைத்து மூன்று தரமாகப் பிரித்து அறுபதில் தோய்த்தோம். அந்தச் சேட்டும் அதோடுதான் போனது. அதற்கு ஒன்றும் நடக்கவில்லை. நிறம்கூட மங்கவில்லை.

திங்கட்கிழமை வேலை இடைவேளையில் புஷ்பமலர் வைத்தியரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். பாகையைக் குறைத்தது தான் இல்லை, கணவர்தான் என்று நோர்வேஜிய மொழியில் நிதானமாகச் சொன்னாள். அதைத் தன்னுடைய மருத்துவப் பதிவில் எழுதி வைக்கச் சொன்னாள். எழுதியாயிற்று என்று மற்றப் பக்கம் சொல்லும்வரை தொலைபேசியை வைக்கவில்லை.

இந்தமுறை விழுங்கக் குளிசையும் கொடுத்தார்கள். சித்திரை முடிய முதல் எல்லோருக்கும் சுகமாகிவிட்டது, தர்மிகாவுக்கும்தான். முதலில் தந்த கிறீம் சரியில்லை என்று குகநேசன் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

புஷ்பமலர் அவரை விட்டுப் போகவில்லை. போவதற்குக்கூட அந்த ஆள் அவ்வளவு பெறுமதியானவரில்லை என்று நினைத்தாளோ என்னவோ. மகளின் அறைக்குள் கட்டிலை மாற்றிக்கொண்டாள். சமைக்கிறாள், பேசவேண்டியதைப் பேசுகிறாள். தன்னுடைய உடுப்பை மட்டும் தோய்க்கிறாள். அவருடைய கூடையைத் தொடுவதில்லை.

வைகாசியில் ஒரு பின்னேரம் குகநேசன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். காலநிலை பற்றிக் கதைத்தார், ரயில் பிந்தி வருவதைப் பற்றிக் கதைத்தார். பிறகு, படுக்கை விரிப்பை எத்தனையில் போடுவது என்று, ஏதோ ஞாபகம் வந்தவர்போலக் கேட்டார்.

"புஷ்பத்திட்டைக் கேளுங்கோ. அவவுக்குத் தெரியும்" என்றேன்.

பரவாயில்லை, இன்டர்நெட்டில் பார்க்கிறேன் என்று சொல்லித் துண்டித்துவிட்டார். புஷ்பமலர் அப்போது அடுத்த அறையில்தான் இருந்திருப்பாள்.